செவ்வாய்க்கிழமையில் சரிந்த கோடு

பட்டம் பெற்ற கையோடு, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் திட்டமிடல் பிரிவில் பயிலுநராகச் சேர்ந்தேன். ஒவ்வொரு பிரிவும் எத்தனை பேரைப் பார்க்கிறது, அதற்கு என்ன செலவாகிறது என்று வரைபடம் கீறுவதுதான் வேலை. எனக்கு அதில் ஒரு பைத்தியம். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலும் மடிக்கணினி திறந்தே இருக்கும்.

ஒரு கோடு மட்டும் சரிந்துகொண்டே போனது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அறையின் கோடு. புதிய நோயாளிகள் வருவதே அபூர்வம். அதனால் ஓர் ஆளுக்கான செலவு எங்கேயோ உயரத்தில் நின்றது. அடுத்த காலாண்டும் இப்படியே போனால் அறையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

ஆனால் வார்ட்டிலிருந்து அந்த அறைக்குத் துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பப்படுபவர்கள் நிறைய. அவர்கள் எங்கே போகிறார்கள்? அனுமதி வாங்கிக்கொண்டு தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினேன். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் மனைவி எடுத்தார்.

“அவருக்கு இடக்கை இன்னும் தூக்கேலாது, பிள்ளை. உங்கடை துண்டிலை செவ்வாய்க்கிழமை எண்டெல்லோ கிடக்கு. செவ்வாயிலை ஆர் புதுசா வைத்தியம் தொடங்குவினம்?”

“வேறை நாளிலை வந்து பாக்கேல்லையோ, அம்மா?”

“வந்தனாங்கள். புது ஆக்களைச் செவ்வாயிலைதான் பதியிறதாம். திருப்பி விட்டிட்டினம்.”

அடுத்தடுத்த வீடுகளிலும் ஏறக்குறைய இதே பதில். நான் இணுவில்காரி. செவ்வாயில் புதுச் சட்டைகூடப் போட விடாத வீட்டில் வளர்ந்தவள். ஆனாலும் கணினித் திரையில் கிழமைகள் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்திருக்கின்றன.

பயிற்சி அறையை நடத்தும் பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் ஓடினேன்.

“பதிவு நாளை ஆர் அக்கா வைச்சது?”

“நான்தான். செவ்வாயிலை ஆஸ்பத்திரியிலை சனம் குறைவு. ஆறுதலாப் பதியலாம் எண்டு அந்த நாளைப் பிடிச்சன்.”

“சனம் ஏன் குறைவு எண்டு யோசிக்கேல்லையோ?”

“நான் குருநகர் வேதக்காரி, தங்கச்சி. எங்களுக்குச் செவ்வாய் அந்தோனியாற்றை நாள். நல்ல நாள் பாத்துத் தந்திருக்கிறன் எண்டெல்லோ இருந்தனான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அறையில் ஆளில்லாமல் கிடந்த பயிற்சிக் கட்டில்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பதிவு நாளை மாற்றக் கேட்டதும் பொறுப்பு வைத்தியர் தயங்கினார். “மேலிடத்துக்கு என்னெண்டு எழுதுறது? நாள் சரியில்லை எண்டோ?”

“காரணம் வேண்டாம், சேர். பதிவு இனிப் புதன்கிழமை எண்டு மட்டும் எழுதுவம். இந்தக் காலாண்டு முடியுமட்டும் பாப்பம்.”

ஒப்புக்கொண்டார். அழைத்தவர்களையெல்லாம் திரும்ப அழைத்தேன். முதல் புதனன்று நீர்வேலி ஐயா மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஓட்டோக்கள்.

காலாண்டுக் கூட்டத்தில் கோடு மேலே ஏறியிருந்தது. ஆளுக்கான செலவு இறங்கியிருந்தது. அறை இருக்கட்டும் என்றார்கள். செய்தியைச் சொல்லப் போனபோது அக்கா ஒருவரின் முழங்காலை மடித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

“நல்லது. வாற ஆக்களுக்கு இப்ப கட்டில் காணாது, தங்கச்சி. அதுக்கும் ஒரு படம் கீறித் தாரும்.”