கண் கிளினிக்கில் நான் போட்ட சுழி

யுத்தம் முடிந்து சில வருடங்களில், கொழும்பிலிருந்து சிறுவர் வைத்தியர்கள் எங்கள் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து விசேட கிளினிக் நடத்தத் தொடங்கினார்கள். இருதயத்துக்கு ஓர் அறை, காதுக்கு ஓர் அறை, வலிப்புக்கு ஓர் அறை. கண் டொக்டர் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வேன் ஏறிவிடுவார்கள்.

என் மகளின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வலது கண் உலகத்தைப் பார்க்கும்; இடது கண் மூக்கைப் பார்க்கும். "இனியும் சுணக்கினா அந்தக் கண் பார்க்கவே மறந்திடும்" என்று மருத்துவ மாது சொல்லியிருந்தார். அன்றைக்குக் காட்டியே ஆகவேண்டும்.

எங்கள் ஊர் மாம்புரியிலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். மகள் யாரிடமோ வழி கேட்கப் போனாள். சுகாதாரத் திணைக்களத்தில் கோப்புகளைக் கட்டிக்காத்த பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தடுத்தேன்.

"வாப்பா, ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போகும்?"

"நடைமுறை தெரியாதவங்கதான் கேப்பாங்க."

நடையின் கோடியில் ஒரு கதவு. அதில் ஒட்டியிருந்த மட்டையில் மேலே சிங்களம், கீழே தமிழில் 'கன் கிளினிக்'. எனக்கு இரத்தம் கொதித்தது. பலகைகளில் தமிழ் பிழையின்றி இருக்க வேண்டுமென்று எத்தனை சுற்றறிக்கைகளை நானே தட்டச்சு செய்திருப்பேன்! பேனையை எடுத்தேன். இரண்டு சுழியை மூன்று சுழியாக்கினேன். 'கண் கிளினிக்'. மனம் ஆறியது. வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தோம். பேத்தி என் பெரிய வயிற்றில் சாய்ந்துகொண்டாள்.

எங்களுக்குப் பின்னால் தாய்மார் வந்து, மட்டையை வாசித்து, உட்கார்ந்தார்கள். பேத்தியைத் தவிர ஒன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள்.

உள்ளே டொக்டர் பேத்தியின் தலையைச் சரித்துக் காதுக்குள் லைட் அடித்தார்.

"டொக்டர், பழுது அங்க இல்ல. முன்பக்கம்" என்றேன்.

"காது கிளினிக்கில காது பார்க்காம வேற என்ன பார்க்க?" என்றார் அவர், தெரிந்த தமிழில்.

சிங்களத்தில் 'கன்' என்றால் காதுகள். எனக்கு அது நன்றாகவே தெரியும். எழுதியவர் சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழையைக் கண்ட அவசரத்தில் மற்ற அறிவெல்லாம் என்னைக் கைவிட்டுவிட்டது.

கண் கிளினிக் மாடியில். பத்துப் பிள்ளைகளோடு படியேறிப் போனால், நம்பர் முடிந்துவிட்டது என்றார் அங்கிருந்த தாதி மிஸ்ஸி.

"போர்ட்டப் பார்த்துத்தானே மிஸ்ஸி போனோம்?" என்றாள் ஒரு தாய்.

மட்டை எழுதிய ஒல்லி அட்டெண்டனைக் கூப்பிட்டு மிஸ்ஸி ஏசத் தொடங்கினார். அவர் 'கன்' என்றுதான் எழுதியதாகக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனையைப் பார்த்தாள்.

"அந்த மூன்றாவது சுழி நான் போட்டது" என்றேன்.

"மாத்தயா டீச்சரா?" என்று சிங்கள மரியாதையோடு கேட்டார் மிஸ்ஸி.

"இல்ல. லிகிதர்."

"ஆ, அதுதான்" என்றார் மிஸ்ஸி. எல்லா நோயையும் கண்டுபிடித்துவிட்ட முகம்.

மிஸ்ஸி உள்ளே போய் டொக்டரிடம் பேசியதில் பத்துப் பேருக்கும் நம்பர் கிடைத்தது. எங்களுக்குக் கடைசி நம்பர். எனக்குத் தண்டனையும் கிடைத்தது: கிளினிக் முடியும்வரை அட்டெண்டனோடு கீழே நின்று, வருகிறவர்களிடம் காதா கண்ணா என்று கேட்க வேண்டும். கேட்டேன். மூக்குக்கு வந்த ஒருவர் கோபித்துக்கொண்டார்.

வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டபோது மகள் பேத்தியோடு இறங்கி வந்தாள். நல்ல கண்ணின்மேல் பெரிய பிளாஸ்டர்.

"ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் இப்படி மூடி வைக்கட்டாம் வாப்பா. சோம்பேறிக் கண் வேலை செய்யத் தொடங்குமாம். நல்ல நேரத்தில கொண்டு வந்தீங்க எண்டார் டொக்டர்."

பேத்தி அந்தச் சோம்பேறிக் கண்ணால் நடையைத் துழாவி, "அப்பா!" என்று ஓடிவந்தாள். எங்கள் வீட்டில் தகப்பன் வாப்பா, தாயின் தகப்பன் அப்பா. ஓடிவந்து கட்டிப்பிடித்தது அட்டெண்டனை.

"அப்பா, உங்கட வயிறு எங்க?" என்று கேட்டாள்.