வடக்கு ஜன்னல்

இன்று தாம்பரம் ஃபிளாட்டில், வடக்கு ஜன்னலோரம் வைத்த மெழுகுவர்த்தி வெயிலில் வளைந்திருந்தது.

அறுபத்தொன்பதில் எனக்குப் பதினொரு வயது. தம்பிக்கு டைபாய்டு. அவன் பிழைத்தால் மாதா கோயிலில் வைப்பதாகப் பொருத்தனை செய்து, அம்மா ஒரு மெழுகுக் குழந்தை வாங்கியிருந்தாள். சிட்லபாக்கத்து வீட்டுக்கு ஜனவரியில்தான் குடிவந்திருந்தோம். "வடக்குல வெயிலே வராது" என்று பொம்மையை அந்தப் பக்கத்து ஜன்னலில் வைத்தாள்.

ஜூன் கடைசியில் ஒரு மாலை, பள்ளிவிட்டு வந்து பார்த்தால் பொம்மையின் முகம் உருகி மார்பில் வழிந்திருந்தது. கத்தினேன். ஓடிவந்த அம்மா பொம்மையைத் தொடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் மூக்கருகேதான் விரலை வைத்தாள். மூச்சு இருந்தது.

"வடக்குல எப்படிடி வெயில் வந்துச்சு?" என்றாள்.

என் பையில் பூகோள விடைத்தாள் இருந்தது. ஜூனில் சூரியன் நமக்கும் வடக்கே, கடகரேகைவரை போகும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.