நெற்றி உயரத்தில் ஒரு சத்தம்

நிறுத்தி வைத்திருந்த லாரியின் பின்பலகை ஆப்பரேட்டர் அக்காவின் நெற்றியைக் கிழித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஐந்து தையல். அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஓர் அலுவலகத்தில் தொலைபேசி ஆப்பரேட்டர். பஸ்ஸிலிருந்து இறங்கி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, பத்து நிமிடம் தனியாகவே நடந்து போவார். தரையில் இருப்பதைக் கோல் சொல்லிவிடும். இடுப்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லாது. அன்று அந்தப் பலகைக்கு அடியில் கோல் தடங்கலில்லாமல் போய்வந்தது.

அவருடைய அண்ணன் அன்றே முடிவு செய்துவிட்டார். "இனிமே நான் கெரெத்தாவுல கொண்டுபோய் விடுறேன். முடியாத நாள்ல நீ வேலைக்குப் போக வேணாம்லா." அண்ணனிடம் கார் இருந்தது; ஆனால் ஷிப்ட் வேலை. அந்த மாதம் அக்கா ஏழு நாள் வீட்டிலேயே இருந்தார். இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

நான் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். காரைப் பின்னால் எடுக்கும்போது 'பீப்' என்று கத்துமே, அந்த சென்சார் ஒன்றை பெல்ட்டில் பொருத்தி, அக்காவின் காதில் ஹெட்போனை மாட்டி, அவர் தினமும் நடக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனேன். தூண், மூட்டை, ஆள் என்று எல்லாவற்றுக்கும் அது கத்தியது. இருபதடி போவதற்குள் அக்காவுக்கு வியர்த்துவிட்டது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது.

ஹெட்போனைக் கழற்றி என் கையில் திணித்தார். "நான் என்ன கோஸ்தான் அடிச்சுப் பின்னால போற கெரெத்தாவா, தம்பி? காதை அடைச்சிட்டா எனக்கு ரோடே இல்ல. சுவரு முடிஞ்சு சந்து வந்தா கோல் சத்தம் மாறும், அது எனக்குத் தெரியும். தலைக்கு நேரா வர்றது மட்டுந்தான் தெரியாது."

அவருக்கு என்ன வேண்டும் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த கருவியை அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். தோள்பையின் வாரில், மார்புக்கு நேரே, மேல்நோக்கிச் சாய்ந்த சென்சார். காதில் எதுவும் இல்லை. நெற்றி உயரத்தில் ஏதாவது வந்தால் மட்டும் தோள்பட்டையருகே மெல்லிய 'டிக் டிக்'. இன்றும் அவர் மாட்டிக்கொண்டு போவது அதைத்தான்; பேட்டரி மாற்றுவது மட்டும் என் வேலை.

அதை மாட்டிக்கொண்டு அவர் தனியாக நடந்த முதல் நாள், நான் லீவு போட்டுவிட்டு எதிர்ச்சாரியில் நடந்தேன். ஒரு கடைவாசலில் பெயர்ப்பலகை மாட்டுகிறவர்கள் ஏணியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா சட்டென்று நின்றார். கையை உயர்த்தி ஏணியைத் தொட்டுப் பார்த்து, சுற்றிக்கொண்டு போனார். நாலடி தள்ளி மறுபடியும் நின்று, திரும்பினார்.

"அண்ணே, வேலைக்குப் போகலையா? பஸ் ஸ்டாப்புல இருந்தே உங்க சிலிப்பர் சத்தம் கேக்குது."

ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து அண்ணன் வெளியே வந்தார். "சரி, நீ போ" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார். அந்தச் சிலிப்பர் சத்தம் தேய்ந்து மறையும்வரை அக்கா காதைக் கொடுத்து நின்றார். பிறகு, கோலைத் தட்டிக்கொண்டு, வேலைக்குப் போனார்.