பெரட்டில் இல்லாத பெயர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மலேசியாவில் பத்து காஜா ஊரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இது நடந்தது. இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி காடு.

ஞாபக மறதி நோயுள்ள என் அண்ணன், குனோங் ராபாட்டில் என் வீட்டிலிருந்து ஒரு மதியம் காணாமல் போனார். மறுநாள் அவர் செருப்பு மட்டும் கிடைத்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. எழுபதைத் தாண்டியவர், இனிப்பு நீர் வியாதி வேறு. மருந்தில்லாமல் இன்னொரு நாள் தாங்க மாட்டார்.

நான் நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நடைமுறையை யார் எங்கே மீறினாலும் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். அன்று குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. மோப்ப நாய், டிரோன், ஒலிபெருக்கி எல்லாம் முறைப்படி வந்தன. அண்ணன்தான் முறைப்படி கிடைக்கவில்லை.

அடுத்த நாள் விடியும் நேரத்தில் மாவட்டப் போலீஸ் தலைவரே வந்தார். கான்ஸ்டபிளாக என் மேசைமுன் நின்றவர்தான். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோப்போடு திருப்பி அனுப்புவேன். தேர்வெழுதித் தேர்வெழுதி மேலே வந்தவருக்கு ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தாயின் மகன். உத்தரவை உரக்கச் சொல்லும் பழக்கமே அவருக்கு இல்லை.

"துவான், பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போனோம்," என்றார் இன்ஸ்பெக்டர், தலைவரிடம். "உள்ள யாரோ இருமுற சத்தம். கிட்டப் போகப் போக தள்ளிப் போச்சு. நாயும் படுத்துக்கிச்சு, எந்திரிக்க மாட்டேங்குது."

"தேடிப் போனா ஒளிவாரு. அவரா வரணும்." தலைவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க அண்ணன்கூட மரம் வெட்டினவங்க பேரெல்லாம் சொல்லுங்க."

"அதுல ஒருத்தரும் உயிரோட இல்ல. இது எந்த நடைமுறையில இருக்கு?"

"கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம் லா, அண்ணே."

சொன்னேன். விளக்குகள் அணைந்தன, வண்டிகளின் எஞ்சின்கள் நின்றன. கோயில் மரத்தில் பழைய தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதை அடித்ததும் எல்லோரும் வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு. தலைவர் தன் ஆட்களை இடம் விட்டு விட்டு நிற்கவைத்தார். தாமே இரும்பை அடித்தார். பிறகு, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். பதில் வருவதற்கான நேரம் கொடுத்து, அடுத்த பெயர். பனிமூட்டம் அசையவில்லை.

அண்ணனின் பெயர் வந்தது.

"இருக்கேங்க."

குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வெறுங்காலோடு, சேறு அப்பிய உடம்போடு அண்ணன் வரிசையில் நின்றார். எப்போது வந்தார் என்று அத்தனை போலீஸ்காரர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாய்ந்து பிடிக்கப் போனேன். தலைவர் என் கையைப் பற்றினார். "பெரட்டு இன்னும் முடியல, அண்ணே."

மீதிப் பெயர்களையும் அழைத்தார். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். ஒருமுறை, "லேட்டா வந்துட்டு இடிக்காதடா," என்று நகர்ந்து இடம் விட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க, கங்காணி."

"மரம் ஈரமா இருக்கு. இன்னிக்கு வெட்டு இல்ல. எல்லாரும் வண்டியில ஏறுங்க."

ஆம்புலன்ஸ் கதவருகே அண்ணன் ஒதுங்கி நின்று, மற்றவர்கள் ஏறும்வரை காத்திருந்தார். உள்ளேயிருந்த தாதியும் தன்னையறியாமல் நகர்ந்து உட்கார்ந்தார். கடைசியாக அண்ணன் ஏறினார். நான் காலெடுத்து வைத்தபோது திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கடா வர? நீதான் படிக்கப் போயிட்டியே. பெரட்டுல ஒம் பேரு இல்ல."

'தேடப்பட்டவர் தாமாகவே வந்து சேர்ந்தார்' என்று தலைவர் அறிக்கை எழுதினார். படித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

அண்ணன் சென்ற ஆண்டு, தம் படுக்கையிலேயே காலமானார். இப்போதெல்லாம் விடியும் நேரத்தில் விழிப்பு வந்தால், எங்காவது இரும்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். அந்த வரிசையில் என் பெயரையும் சேர்த்து அழைக்க யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மட்டும், எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு இன்றுவரை தெரியவில்லை.