தை மாதத்தில் ஒரு மண்டபம்

ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிற நான், என்னுடைய சொந்த வெப்சைட்டை ஒரு வருடமாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போன வாரம்தான் உட்கார்ந்தேன். 'இதுவரை செய்த வேலைகள்' என்று அதில் ஒரு பக்கம் உண்டு. பெங்களூர் கம்பெனி, மாம்பழக்கூழ் தொழிற்சாலை, பென்னாகரத்தில் ஒரு தனியார் பள்ளி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, நல்லம்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் கீழே அதனால் விளைந்த பயனை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். மண்டபத்தால் விளைந்த பயனை இரண்டு வரியில் சொல்ல என்னால் ஆகாது.

முதலில் பெங்களூர். அங்கே என் வேலை ஒரு பட்டன். ஒரே ஒரு பட்டன். அதை இடப்பக்கம் வைக்கலாமா வலப்பக்கம் வைக்கலாமா என்று கூட்டம் போட்டுப் போட்டே என் வயது போனது. ஒரு நாள் மேலாளர் அதைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மாற்றிக் கொடுத்துவிட்டு ராஜினாமாவையும் அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் காற்று ஜில்லென்று அடிக்கும் எங்கள் ஊரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சே வந்தது. அம்மாவிடம் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், "பையன் வூட்டுலயே பொட்டி தட்டறானாமே, வேலை போயிடுச்சுங்களா?" அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள்.

பள்ளி வெப்சைட்டுக்கு ரோஜாப்பூப் பின்னணியும் ஓடும் எழுத்தும் வேண்டும் என்றார் தாளாளர். பணிந்து செய்து கொடுத்தேன். மறுநாளே அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது: 'சார், அந்த ரோஜாப்பூவைப் பார்த்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. எடுத்துவிடுங்கள். தாளாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.' யாரடா இது என்று எரிச்சலோடு போன் செய்தேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். பூவை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பள்ளி வெப்சைட்டில் திருத்தம் தீரவே இல்லை. ஒரு கமாவுக்காகக்கூடப் பேசினோம். சார் என்றவள் வாங்க போங்க என்றாள், பிறகு கோபம் வந்தால் மட்டும் நீ என்றாள். அவளுக்கு அடிக்கடி கோபம் வர வேண்டும் என்று நான் ஏங்க ஆரம்பித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மண்டபம் வந்தது. தேதி பதிவு செய்யும் வசதியோடு ஒரு வெப்சைட் கேட்டார் மண்டபத்துக்காரர். பெங்களூரில் கற்ற வித்தையெல்லாம் இறக்கினேன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் இரண்டையும் நிரப்பினால்தான் உள்ளே விடும்; இல்லாவிட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும். திறந்து வைத்த பத்து நாளில் பார்க்கிறேன், பதிவான கல்யாணங்களில் பாதி முருகனுக்கும் வள்ளிக்கும். ஒரு தேதியில் சிவனுக்கும் பார்வதிக்கும்கூட நடப்பதாக இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று கொதித்துப் போய் மண்டபத்துக்குப் போனேன்.

மண்டபத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு பேரு மாப்பிள்ளை பேரு கேட்டா பாவம் அவங்க என்னங்க போடுவாங்க? நம்மூருல மொதல்ல மண்டபம், அப்புறந்தானுங்க பொண்ணு பாக்கறது. முகூர்த்த நாள் பத்தோ பன்னெண்டோ. மண்டபத்தக் கையில புடிச்சாத்தான் துணிஞ்சு எடம் பேச முடியும். இது தெரியாதுங்களா உங்களுக்கு?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. என் வயசுக்காரர்களுக்குக் கல்யாணம் என்றால் சாப்பாடு மட்டும்தான் தெரியும். வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து 'இன்னும் முடிவாகவில்லை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அவ்வளவுதான், பிய்த்துக்கொண்டு போனது. ஆடி முடிவதற்குள் தை மாத முகூர்த்தம் அத்தனையும் காலி. மண்டபத்துக்காரர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் அதைப் போர்த்திக்கொண்டே பைக்கில் வீடு வந்தேன்.

அந்தப் பொன்னாடையைத் தோளிலிருந்துகூட எடுக்கவில்லை, டீச்சர் போன் செய்தாள்.

"ஓசூர்ல இருந்து ஒரு ஜாதகம் வந்திருக்குது. பத்துப் பொருத்தமும் இருக்குதாம். அடுத்த வாரம் பாக்க வர்றாங்களாம். நீ வந்து எங்கப்பாகிட்டப் பேசு."

"நாளைக்கே வர்றேன்."

"சும்மா வந்து நின்னா ஆகாது. எங்கப்பா ஒரு முசுடு. 'பாக்கலாங்க, பாக்கலாங்க'ன்னே இழுத்து ஓசூருக்கு முடிச்சிடுவாரு. தையில மண்டபம் புடிச்சிட்டேன்னு சொல்லிட்டு வா, அப்பத்தான் காது குடுத்துக் கேப்பாரு. நீதான மண்டபத்து வெப்சைட்டே பண்ணுன?"

தையில் ஒரு நாள்கூட இல்லை. எல்லாவற்றையும் விற்றுத் தள்ளியது என் வெப்சைட்தான். தன் கையே தன் கண்ணைக் குத்தியது. தருமபுரி, பாலக்கோடு என்று மற்ற மண்டபங்களையும் கேட்டுப் பார்த்தேன். எங்கும் அதே கதை. ஒரு பதிவை அழித்துவிட எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் யாரோ ஒரு அப்பன் பந்தக்கால் நடும் நாளில் மண்டப வாசலில் வந்து திருதிருவென்று முழிப்பதை நினைத்தேன், கை வரவில்லை. மண்டபத்துக்காரரிடமே போய் நடந்ததைச் சொன்னேன். "முடிவாகாத ஆளுங்க கொஞ்சம் பேரு இருக்காங்க. போன் பண்ணிக் கெஞ்சிப் பாருங்க. குடுத்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

முதலில் எடுத்தவர் ஒரு அம்மா. "தேதி தாராளமா தர்றனுங்க தம்பி. எம் பையனுக்கு ஒரு பொண்ணு பாத்துக் குடுங்க, மொத ஆளா உங்களுக்கு வுட்டுத் தர்றேன்" என்றார். இரண்டாவது ஒரு பெரியவர். நான் வெப்சைட் என்று வாயெடுத்ததும், "ஓடிபி எல்லாஞ் சொல்ல மாட்டேன், போலீசுக்குச் சொல்லிருவேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது, கம்பைநல்லூர்க்காரர். நின்று நிதானமாகப் பேசினார்.

"சொல்லுங்க தம்பி. தேதியில ஏதாச்சும் கோளாறுங்களா?"

"இல்லீங்கண்ணா. உங்க வூட்டுல மாப்பிள்ளை முடிவாயிடுச்சுங்களா?"

"இன்னும் இல்ல. ஒரு எடம் வந்திருக்குது, பாக்கணும்."

"அப்ப அந்தத் தேதிய எனக்கு வுட்டுக் குடுங்கண்ணா. உங்களுக்கு மண்டபம் இருக்குது, மாப்பிள்ளை இல்ல. எனக்குப் பொண்ணு இருக்குது, மண்டபம் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். "இதென்னங்க தம்பி கூத்தா இருக்குது. பொண்ணு எந்த ஊரு?"

"பென்னாகரமுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. அப்பா உரக்கடை வெச்சிருக்காருங்க."

"பொண்ணு என்ன பண்ணுது?"

"ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சருங்க."

"அப்பாகிட்டக் கேட்டுட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா. அவரு பெரிய முசுடாம். மண்டபம் இல்லாம போனா காது குடுக்க மாட்டாராம்."

"முசுடாமா?"

"அந்தப் பொண்ணே சொல்லுதுங்க."

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மனசு இளகுகிறது, இன்னும் கொஞ்சம் கெஞ்சினால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

"உங்க கொலசாமி எங்கங்க தம்பி?"

சொன்னேன். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைச் சம்பந்தம் பேசுகிறவர்கள்தான் கேட்பார்கள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அம்மா பிறந்த ஊரைக் கேட்டார், அதையும் சொன்னேன். நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். கம்பைநல்லூர்க்காரர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"தம்பி, அந்தத் தேதிய வுட்டுக் குடுக்க முடியாதுங்க."

"ஏனுங்கண்ணா?"

"அது எங்க அக்கா பொண்ணுக்குப் புடிச்ச மண்டபம். தாய்மாமன் நாந்தான் புடிச்சேன். அக்காவப் பென்னாகரத்துல ஒரு உரக்கடைக்காரருக்குத்தான் குடுத்திருக்குது. நீங்க சொன்ன முசுடு எங்க மாமாதானுங்க."

கையிலிருந்த போன் நழுவி மடியில் விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம உங்க அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. ஓசூர்க்காரங்கள நான் நிறுத்தி வெக்கறேன். முசுடுன்னு சொன்னத மட்டும் அங்க சொல்லிராதீங்க."

நான் குதித்த குதியில் கொட்டாயில் இருந்த கோழியெல்லாம் சிதறி ஓடியது. உடனே அவளுக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னேன். முசுடு இடத்தில் அவளும் கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு மண்டபம் புடிச்சிருக்காங்களா? எப்ப?"

"ஆடியிலயே."

"வூட்டுல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப நீ போன் பண்ணலன்னாலும் அன்னைக்கு எனக்குக் கல்யாணம் நடந்திருக்கும். இல்ல?"

நானே செய்த வெப்சைட்டில், நானே சேர்த்த கட்டத்தில் டிக் அடித்துத்தான் அவளுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை குதித்துக்கொண்டிருந்தவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் என்னோடு பேசவில்லை. வேட்டி, வெள்ளைச் சட்டையோடு போய் நின்றேன். பென்னாகரத்தில் அவள் அப்பா எங்களை உட்காரச் சொன்னார். முசுடு மாதிரியே தெரியவில்லை. வெயில், மழை, உர விலை என்று சரளமாகப் பேசினார். பக்கத்தில் கம்பைநல்லூர் மாமா மீசைக்குள் சிரித்தபடி இருந்தார். பெரியவர்கள் பேசி முடித்தார்கள். "மண்டபமும் இருக்குது, மாப்பிள்ளையும் வந்தாச்சு. அப்புறம் என்னங்க மாமா, தட்ட மாத்திக்கலாம்" என்றார் கம்பைநல்லூர்க்காரர்.

எல்லாருக்கும் காபி கொடுத்தவள் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"மண்டபம் புடிக்கறப்ப என்னக் கேக்கல. ஓசூர் ஜாதகம் பாக்கறப்பவும் கேக்கல. இப்பவும் கேக்காம தட்டு மாத்தறீங்களேப்பா."

மாமாவின் சிரிப்பு நின்றுபோனது. அவள் என்னையும் பார்த்தாள். ஆமாம், நானும்தான் கேட்கவில்லை. மண்டபத்தைத் தேடிய தேடலில் ஊரையெல்லாம் கேட்டேன், வந்து பேசு என்று சொன்னதே அவள்தானே என்று அவளை ஒரு தடவை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து காபி டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தக் கேள்வி அவருக்குப் பழக்கமில்லை என்பது தெரிந்தது.

"சரி கண்ணு. உனக்குப் புடிச்சிருக்குதா?"

அவள் உடனே சொல்லவில்லை. வேண்டுமென்றேதான், எனக்குத் தெரியும். காபித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள், தாவணி இல்லாத சுடிதாருக்குத் தாவணி இருப்பது போல் தோளைச் சரிசெய்தாள், எல்லாரையும் காக்க வைத்தாள்.

"புடிச்சிருக்குதுங்கப்பா" என்றாள்.

காபி முழுவதையும் நான் வெள்ளை வேட்டியில் கொட்டிக்கொண்டேன்.