ஒன்றே முக்கால்

ரோஸ்விதாவுக்குச் சனிக்கிழமை விடியும்போதே கோபமும் சேர்ந்து விடியும். ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் அவளுடைய சிற்றூருக்கு விடுமுறைக் குடும்பங்கள் வந்து இறங்குகிற நாள் அது. பனிச்சறுக்குப் பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுப்பது அவள் தொழில். பெரியப்பா பிள்ளை போட்டுக் கழித்த, இரண்டு அளவு பெரிய பூட்ஸைக் குழந்தையின் காலில் மாட்டி, இடைவெளியை மூன்று ஜோடிக் கம்பளிச் சாக்ஸால் அடைத்துக் கூட்டி வருவார்கள். கால் மரத்துப்போய் மூன்றாம் நாள் குழந்தை அழும். உடனே "இது சரியான அழுமூஞ்சி" என்று பழியையும் அதன் தலையிலேயே போடுவார்கள். எப்படி வராது கோபம்? அவள் சாக்ஸை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, மெல்லிய ஜோடி ஒன்றை மட்டும் மாட்டி, அளவான பூட்ஸைக் கொடுப்பாள்.

சாக்ஸையாவது மன்னிக்கலாம். படிவத்தில் எழுதுகிற பொய்யை மன்னிக்க முடியாது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பிடிக்கு ஓர் எண் உண்டு. எடை, வயது, பழக்கம் எல்லாம் பார்த்துத் திருகாணியால் அந்த எண்ணை வைக்க வேண்டும். சரியாக வைத்தால், விழும்போது பலகை கழன்று கால் தப்பும். கூட்டி வைத்தால் பலகை கழலாது, எலும்புதான் முறியும். இது தெரிந்தும் பெண்கள் எடையைக் குறைப்பார்கள், ஆண்கள் திறமையைக் கூட்டுவார்கள். அதற்காகவே வாசலை ஒட்டி எடை பார்க்கும் கருவி ஒன்றைப் போட்டிருந்தாள்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்பு இதே கடையில் அவள் சம்பளத்துக்கு இருந்தபோது, ஓர் அப்பன் கேட்டான் என்று முதலாளி கண்ணைக் காட்ட, ஒரு சின்னப் பெண்ணுக்கு இரண்டு எண் கூட்டித் திருகினாள். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. "அவளுக்கு ஒழுங்கா விழத் தெரியல" என்றான் அப்பன். அந்தப் படிவத்தில், பிடியை அமைத்தவர் என்ற கட்டத்தில் ரோஸ்விதாவின் கையெழுத்து இருந்தது. அந்தத் தாள் இன்னமும் அவளுடைய கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இந்த ஜனவரியில் வியன்னாவிலிருந்து ஒருவர் ஏழு வயது மகள் வாலரியோடு வந்தார். படிவத்தில் இருபத்தெட்டுக் கிலோ என்றும், நன்றாகப் பழகியவள் என்றும் எழுதியிருந்தார். எடைக் கருவி இருபத்திரண்டு காட்டியது.

"எத்தனை நாள் சறுக்கியிருக்கே கண்ணு?" என்று ரோஸ்விதா கேட்டாள்.

"நான் இன்னும் பனியில நின்னதே இல்ல," என்றது குழந்தை.

"தோட்டத்துல பழகியிருக்கா," என்றார் அப்பா அவசரமாக.

"தோட்டத்துலயா? முட்டைக்கோஸ் பாத்திக்கு நடுவுலயா?"

அவர் முகம் சிவந்தது. "இங்க பாருங்க. என் தம்பி பசங்க நாளைக்கு மேல் சரிவுல இறங்கறாங்க. இவளும் கூட இறங்கணும். பலகை கழண்டு கழண்டு விழுந்தா என் மானந்தான் போகும். நாலுல வைங்க."

"ஒண்ணே முக்கால்."

"நான் டாக்டர் வெசெலி!"

"எலும்பு டாக்டரா?"

"சட்டம்."

"அப்ப எலும்ப எங்கிட்ட விடு."

"என்ன, 'நீ, வா, போ'ங்கறே?"

"ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல இங்க 'நீங்க' கிடையாது, எல்லாரும் 'நீ'தான். உன் மானம் கழண்டா மறுபடி மாட்டிக்கலாம். இவ கால் அப்படியா?"

அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். வாலரியின் காலிலிருந்து ரோஸ்விதா உருவிப் போட்ட சாக்ஸ் பெஞ்சிலேயே கிடந்தது.

எதிர்க்கடை காசியானுடையது. தன் விளம்பரப் பலகையால் ரோஸ்விதாவின் கடை முகப்பை மறைத்தவன் அவன். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு ஓரமாகத்தான் உட்காருவார்கள். அவனிடம் போய்ப் பேசுவதா? கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்து அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"காசியான், ரோஸ்விதா பேசறேன். அங்க ஒருத்தன் பொண்ணோட வந்திருப்பான். பொண்ணு நல்லாப் பழகினவள்னு சொல்லுவான். நம்பாதே. பொண்ணு இருபத்திரண்டு கிலோ, முதல் நாள். நீ மட்டும் நாலுன்னு திருகினேன்னு வை, உன் கடை வாசல்லயே வந்து உன்னை..."

"கத்தாதேடி, காது போகுது. நானும் எடை போட்டேன். ஒண்ணே முக்கால் வெச்சு, கட்டத்துல என் பேரையும் எழுதிட்டேன்."

அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "அவன் என்ன சொன்னான்?"

"வேற கடை எங்க இருக்குன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"இந்த ஊர்ல ரெண்டே கடைதான், ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதுன்னு சொன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். விளம்பரப் பலகைக்கு அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. பெரிய கால்கள் இரண்டும் விறைத்து நின்றன. பக்கத்தில் இரண்டு குட்டிக் கால்கள், அளவாகப் பொருந்திய பூட்ஸில், குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தன.