பெட்டிக்குக் கீழே ஒரு குளவிக்கூடு

துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு இலவசம் என்றால் கண் மண் தெரியாது. சரக்கை இறக்கிய பிறகு மிஞ்சும் அடிப்பலகைகளை ஒன்று விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதில் அலமாரி செய்தார், நாய்க்கூண்டுகூடச் செய்தார். நாய்தான் இல்லை.

அவர் மனைவி மொட்டை மாடியில் தேனீ வளர்த்தாள். தெருவுக்கே அவள் தேன்காரம்மா. தேனீக்களிடம் 'வரலாமா?' என்று கேட்காமல் எந்தப் பெட்டியின் மூடியையும் தொடமாட்டாள். அவளுடைய பெட்டிகளுக்கு அந்தப் பலகைகளில் புதிதாகக் கால் செய்து கொடுத்தார். அந்தப் பலகைகள்மேல் வந்தவை பூந்தொட்டிகள். கடல் தாண்டித் தொட்டி வர, இங்கே மண்ணுக்கா பஞ்சம்!

வெயில் தொடங்கியபோது ஒரு பலகைக்கு அடியில் எலுமிச்சை அளவில் குளவிக்கூடு தெரிந்தது. அவர் துடைப்பத்தை எடுத்தார்.

"விடுங்க. ஒத்தக் குளவி, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்," என்று அவள் தடுத்தாள்.

மழைக்காலத்துக்குள் அது பெருங்கூட்டமாகிப் பக்கத்து மரத்துக்குக் குடிபோனது. பூவிலிருந்து திரும்பும் தேனீக்களைக் குளவிகள் பெட்டி வாசலிலேயே மறித்துத் தலையைத் துண்டித்தன. பயந்துபோன மற்றவை வெளியே வராமல் உள்ளேயே பட்டினி கிடந்தன. ஒவ்வொரு பெட்டியாக ஓய்ந்தது. கடைசிப் பெட்டியையாவது காப்பாற்ற அவர் லீவு போட்டுவிட்டு, பூப்பந்து மட்டையோடு வாசலில் நின்று குளவிகளை அடித்தார்.

பூச்சியியல் துறை அதிகாரி வந்து பார்த்தார். "இது நம்ம பக்கத்துக் குளவியே இல்லைங்க. கப்பல் சரக்கோட வருது. பலகை இடுக்குல ராணி தூங்கிட்டே வந்துடும். ஆமா, இந்தப் பலகை ஏது?"

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்ல கிடந்த பழசு சார்," என்றாள் அவள்.

அதிகாரி போனதும் அவர் உடைந்துவிட்டார். "நான் தானே கொண்டுவந்தேன்."

"அடிக்கப் போன கையைத் தடுத்தது நான் தானே," என்றாள்.

கடைசிப் பெட்டியில் காலையிலிருந்து சத்தமே இல்லை. இருந்தும் அவர் மட்டையைக் கீழே போடவில்லை. அவள் அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு, ஒன்றும் கேட்காமல் மூடியைத் திறந்தாள்.